கனட்ட என்றால் கண்ணுக்கு அல்ல

என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் இரத்தினசிங்கம் அவர்களே, கல்வியாலும் கண்ணியத்தாலும் இந்த வெள்ளவத்தையை விளங்கவைக்கும் பெரியோர்களே, வாசலிலே அடையாள அட்டையைக் காட்டி, கைப்பையைத் திறந்து காட்டி, அதற்குப் பிறகும் முகம் கோணாமல் வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் சகோதரிகளே, கடைசி வரிசையில் யாரோடும் கதைக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் அன்பரே, உங்கள் எல்லோருக்கும் தாதி சரோஜினிதேவியின் வணக்கம்.

எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்கள். "தாதியர் முன்னெடுக்கும் தர மேம்பாடும் சுகாதார மேன்மையும்." கேட்கவே காது குளிர்கிறது. மேடை ஏறுமுன் தலைவர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார், "தங்கச்சி, கை கழுவுறதைப் பற்றிக் கதையுங்கோ. கொதிச்சாறின தண்ணியைப் பற்றிக் கதையுங்கோ. மற்றக் கதையள் இப்ப வேண்டாம். காலம் சரியில்லை."

ஐயா, இருபத்தெட்டு வருடம் தாதியாக வேலை செய்கிறேன். காலம் சரியாக இருந்த ஒரு வருடத்தை நீங்கள் விரல் வைத்துக் காட்டுங்கள், நான் இப்போதே இறங்கிவிடுகிறேன். கை கழுவுவதைப் பற்றி மட்டும் கதைத்துக் கதைத்துத்தானே நாங்கள் எல்லாவற்றிலிருந்தும் கை கழுவினோம்.

நான் ஒரேயொரு சொல்லைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். இரண்டே எழுத்து. 'கன'. தமிழனுக்கு அது காதில் விழும்போது எதுவாக விழும்? கண்ணாக விழும். சிங்களவருக்கோ கன என்றால் காது. 'கனட்ட' என்றால் காதுக்கு. கண்ணுக்கு என்றால் 'எஹட்ட'. கொழும்பிலே பிறந்த உங்களுக்கு இது ஒரு விடயமா? மரக்கறிக் கடையில் நின்றே படித்திருப்பீர்கள். கிளிநொச்சியில் செல்லடிக்குத் தப்பி, வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து, மூன்று நாள் பயணம் செய்து, ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்த இரத்தினம்மாவுக்கு யார் படிப்பித்தது?

அந்தப் பிள்ளைக்குச் சின்னமுத்து, மேலெல்லாம் செம்புள்ளி போட்ட காய்ச்சல். அது மாறும்போது கண் சிவந்து, காதால் சீழ் வடிந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். டொக்டர் இரண்டு சின்னப் போத்தல் மருந்து எழுதினார். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் ஒவ்வொன்றாக நீட்டி, "கனட்ட பிந்து துனய். எஹட்ட பிந்து தெகய்" என்றார். காதுக்கு மூன்று துளி, கண்ணுக்கு இரண்டு. சரியாகத்தான் சொன்னார். இரத்தினம்மா தனக்குத் தெரிந்த ஒரே சிங்களத்தைச் சொன்னாள், "ஹரி, ஹரி", சரி, சரி என்று. கனட்ட கண்ணுக்கு என்றால் மற்றது காதுக்குத்தானே. கணக்குச் சரி. காது மருந்தை மூன்று நாள் கண்ணில் விட்டாள். பிள்ளை துடிக்கத் துடிக்க, மடியில் போட்டு அமத்திப் பிடித்துக்கொண்டு விட்டாள்.

நாலாம் நாள் திரும்பி வந்தார்கள். "மிஸ்ஸி, அவர் சொன்ன மாதிரித்தானே விட்டனான். கண்ணுக்கு மூண்டு, காதுக்கு ரெண்டு" என்று என்னிடம் விரலை மடக்கிக் காட்டினாள். பிள்ளையின் வலக்கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது.

என்ன அம்மா கேட்கிறீர்கள்? இருக்கிறாள். பிள்ளை இருக்கிறாள். மற்றக் கண்ணால் பார்க்கிறாள்.

நோயாளிச் சீட்டில் காரணம் என்னவென்று எழுதினார்கள் தெரியுமா? 'தாயின் கவனயீனம்.' எவ்வளவு சுத்தமான கையெழுத்து. மொழி தெரியாதவளிடம் மொழியால் மருந்து கொடுத்தது கவனமாம். அதை மனப்பாடம் செய்து, மணி பார்த்து, கண்ணீரோடு ஊற்றியது கவனயீனமாம். இந்த வசனத்தை வாசித்துவிட்டு எப்படி ஐயா நான் கொதிச்சாறின தண்ணியைப் பற்றிக் கதைப்பது?

கொஞ்சம் பொறுங்கள், கைதட்டாதீர்கள். அந்தச் சொல் சொல்லப்பட்டபோது நான் இரண்டு மேசை தள்ளி நின்றேன். கேட்டது. "அம்மா, அது காதுக்கு" என்று சொல்ல எனக்கு எத்தனை விநாடி வேண்டும்? அந்த வாரம் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. தமிழில் வாய் திறந்தால் வரிசையே திரும்பிப் பார்த்த நாட்கள். நான் கட்டுத்துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வார்டில் ஜெஸீமா என்று ஒரு தாதி. மருதானைப் பிள்ளை. அவள்தான் கேட்டாள், "சிஸ்டர், இது ஒரு புள்ளையோட முடிஞ்ச கதையா? எண்ணிப் பாப்பமா?" எண்ணினோம். ஒரு மாதம், வீட்டுக்குப் போகும் தமிழ் நோயாளர் நாற்பது பேரை மறித்து, மருந்தை எப்படிப் பாவிப்பீர்கள், தொட்டுக் காட்டுங்கள் என்றோம். இருபத்துமூன்று பேர் பிழையாகக் காட்டினார்கள். பூசுகிற மருந்தைக் குடிக்கப் புறப்பட்ட மனிதரும் அதில் ஒருவர். இருபத்துமூன்று கவனயீனங்கள், அப்படித்தானே?

பிறகு அட்டைகள் செய்தோம். பழைய மருந்துப் பெட்டிகளை வெட்டிச் செய்த உள்ளங்கை அளவு அட்டைகள். ஜெஸீமா படம் கீறினாள். காது, கண், வாய், காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, எத்தனை என்பதற்குக் கோடு. கீழே தமிழில் ஒரு வரி. தொட்டுக் காட்டாத ஒருவரையும் வாசலைத் தாண்ட விடவில்லை. வாசிக்கத் தெரியாத சிங்களத் தாய்மாரும் வந்து, "அப்பிட்டத் தென்ன, மிஸ்ஸி", எங்களுக்கும் தாருங்கள் என்று வாங்கிப் போனார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணினோம். அறுபது பேரில் நாலு பேர் பிழை. தர மேம்பாடு என்று தலைப்புத் தந்தவர்களே, தரம் என்பது தரைக்கு மினுக்கம் போடுவதல்ல, இதுதான்.

பரிசு கிடைத்ததா என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். கிடைத்தது தம்பி, கேளும்.

நமசிவாயம் என்று ஓய்வுபெற்ற தபாலதிபர். பிரஷர் குளிசைக்கு அட்டை வாங்கிப் போனவரை வழியில் ஆமிக்காரர் மறித்துச் சோதித்தார்கள். சட்டைப் பையில் அட்டை. சூரியன், ஒரு கோடு. நிலா, இரண்டு கோடு. கீழே தமிழ். இது எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு என்று கேட்டார்கள். "தம்பிமார், இது காலமை ஒண்டு, இரவைக்கு ரெண்டு" என்றிருக்கிறார் மனிதர். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள், அந்தக் குளிசையும் இல்லாமல். நல்லவேளை அவருடைய அட்டையில் காதுப் படம் இல்லை. ஒட்டுக் கேட்கிற ஆள் என்று இன்னும் இரண்டு நாள் வைத்திருப்பார்கள்.

சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. பிறகு கடிதம் வந்தது. அனுமதியற்ற தமிழ்த் துண்டுப்பிரசுரம் விநியோகித்தவர் யார் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் கேட்டது. அட்டைகள் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டினார்கள். மறுநாளே மருந்து மறுபடியும் வாய்ச்சொல்லால் கொடுபட்டது. யாரும் விசாரிக்கவில்லை, ஒரு பிள்ளையின் கண் போனது எப்படி என்று. இருபத்துமூன்று எப்படி நாலானது என்றும் விசாரிக்கவில்லை. அட்டைக்கு மட்டும் விசாரணை.

ஜெஸீமா என்னை லினன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "சிஸ்டர், நீங்க வாயத் தொறக்க வாணாம். எல்லாம் நான்தான் செஞ்சதெண்டு எழுதிக் குடுத்திட்டன். எண்ட பேரு ஜெஸீமா. மிஞ்சினா வேலையால நிப்பாட்டுவாங்க. ஒங்கட தமிழ்ப் பேருக்கு அது காணாது, உள்ளுக்குப் போட்டிருவாங்க."

அவளுக்கு வாப்பா இல்லை. உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் அவள் கையைப் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன்? அட்டைகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று கடதாசியில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறும் சாப்பிட்டேன். இன்றைக்கு நீங்கள் என்னை மேடையேற்றி, தன்னலமற்ற சேவைக்குப் பொன்னாடை போர்த்தப் பார்க்கிறீர்கள். ஐயா, மடித்து வையுங்கள். எனக்கு அது வேண்டாம்.

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா. இன்னும் இரண்டு நிமிடம் எனக்கு வேண்டும்.

நிர்வாகத்தின் மேல் எனக்குக் கோபம். கவனயீனம் என்று எழுதிய பேனையின் மேல் கோபம். கூட்டம் போட்டுக் குத்துவிளக்கேற்றிவிட்டு, கதவடியில் வந்ததும் குரலைத் தாழ்த்துகிற எங்கள் கண்ணியத்தின் மேல் கோபம். ஆனால் அன்னையரே, இவை எல்லாவற்றையும் விட, மேசையருகே நின்று கட்டுத்துணி மடித்த இந்தச் சரோஜினிதேவியின் மேல்தான் எனக்கு அடங்காத கோபம். அவள் ஒருமுறை பேசாமல் நின்றதற்கு ஒரு பிள்ளை விலை கொடுத்தாள். இன்னொருமுறை அவள் பேசாமல் நின்றால், ஒரு குடும்பம் விலை கொடுக்கும்.

வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. ஜெஸீமாவுக்குத் தெரியாமல் நானும் போகிறேன். கொடுத்த கடிதம் பொய் என்று சொல்லப் போகிறேன். படத்தை அவள் கீறினாள், அந்த அட்டைகளில் இருந்த தமிழ் முழுவதும் நான் எழுதியது என்று சொல்லப் போகிறேன். அதையும் சிங்களத்தில்தான் சொல்வேன், ஒருவருக்கும் பிழையாக விளங்கிவிடக் கூடாது.

இடையில் எழுந்து போகாமல் இருந்து கேட்டவர்களுக்கு என் நன்றி. எழுந்து போனவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன், பயம் எனக்குத் தெரியாததல்ல. எல்லோருக்கும் வணக்கம்.