ரெண்டு சனிக்கிழமை

— த்தூ! பந்தல்ல நாய் படுத்து எலும்பு கடிக்குது. உன் கல்யாணம் எங்கடி, லூபே?

— முடிஞ்சிருச்சு, துவாலா மாமா. நேத்து.

— நேத்தா? சனிக்கிழமைன்னு நீ எழுதின போன் ஆப்புல போட்டிருந்துச்சே! காலைல பாகோ பாகோவுல பிளேன் ஏறுறப்போ சனிக்கிழமைதானே!

— ஏறினது சனி. அரைமணி பறந்து இங்க அப்பியாவுல இறங்கினா ஞாயிறு. ரெண்டு சமோவாவுக்கும் நடுவுல தேதி மாறுற கோடு ஓடுதே, உங்க ஊர் ஒரு நாள் பின்னாலதானே, மாமா.

— எனக்கே பாடமா? போன மாச விருந்துக்கு அந்த ஆப்பு எங்க ஊர் நாளா மாத்தித்தானே காட்டுச்சு! அதை நம்பி வந்தேன். ஊரே வெள்ளை உடுப்புல சர்ச்சுக்குப் போகுது, எல்லாம் உன் கல்யாணக் கூட்டம்னு நாலாயிரம் பேருக்குக் கையாட்டிட்டு வர்றேன். கருமம்! ஆப்பாம் ஆப்பு! நல்லா வெச்சே எனக்கு!

— கோவிச்சுக்காதீங்க. கத்துக்குட்டி எழுதினது. வகுப்புல இப்பத்தான் சேர்ந்தேன்.

— அங்க அப்படி என்ன எழவைச் சொல்லித் தர்றான்?

— ஐபோனுக்கு ஒண்ணு, ஆண்ட்ராய்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எழுத வேணாம் மாமா. ஒரு தடவை எழுதினா எல்லாப் போன்லயும் ஓடும். வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டாம, ஒரே கல்லடுப்புல வெந்த பன்னியை எல்லார் இலையிலயும் வைக்கிற மாதிரி.

— அந்தப் பன்னி கெட்டிருந்தா ஊரே வாந்தி எடுக்கும். அதைச் சொல்லித் தந்தானா?

— தந்தாங்க.

— சிரிக்காதே! குடும்பத் தலைவன் நான். 'யாருக்காவது ஆட்சேபணை உண்டா'ன்னு பாதிரியார் கேட்கிறப்போ எழுந்து நின்னு, இந்தக் கல்யாணம் நடக்காதுன்னு சொல்லத்தான் வந்தேன். போயும் போயும் மீன் டப்பா ஃபாக்டரிக்காரன் விலியா? அவன் தெரு முனையில திரும்பினா எங்க வீட்டுப் பால் திரியுது. பாகோ பாகோ பூனை மொத்தமும் அவன் பின்னாலதான் ஊர்வலம் போகுது. உவ்வே!

— நீங்க எழுந்து நிப்பீங்கன்னு தெரியும் மாமா.

— இரு, இரு. அவனும் எங்க ஊர்தானே? அவன் போன்லயும் இதே ஆப்புதானே?

— ஆமா.

— ஒரு தடவை எழுதினா எல்லாப் போனுக்கும் அதேதானே? அப்போ அவனும் இன்னிக்குத்தானே வந்து இறங்கணும்! மாப்பிள்ளை இல்லாம நேத்து யாரைடி கட்டிக்கிட்டே?

— விலியைத்தான். அவர் போனுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைன்னு தனியா எழுதினேன், மாமா.