இடுப்பில் கட்டும் நாய்ப் பெல்ட்டும் ‘சாம்மி’ என்கிற நாயும் சம்பந்தமாக

என் பெயர் சௌந்திரம், வயது 53, கணவர் பெயர் சுப்பையன். சங்ககிரி லாரிப் பட்டறை ரோட்டில் குடியிருந்துகொண்டு, அதே வீட்டின் முன்பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பது, லோடு கட்டும் பெல்ட் தைப்பது ஆகிய வேலையை இருபத்திரண்டு வருசமாகச் செய்து வருகிறேன். மூன்றாவது வரை படித்திருக்கிறேன். இன்று காலை பத்து மணிக்கு ஏட்டு மதுமதி அம்மா என் கடைக்கே வந்து விசாரித்ததில் நான் சொல்வதாவது.

முதலில் ஒன்றை நானே ஒத்துக்கொள்கிறேன், பட்டறைக்காரர்கள் சொல்லித் தெரிந்தால் இன்னும் கேவலம். மேற்படி நாய்ப் பெல்ட்டைத் தைத்த அன்று, இழுவை தாங்குமா என்று பார்க்க, ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கணவர் இடுப்பில் மாட்டி, அவரை நாயாக நினைத்து எடைமேடை வரை ஓடச் சொன்னேன். அவர் இருபதடி ஓடி, டீக்கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் அவர் மேல் விழுந்தேன். இதைப் பதினோரு பேர் பார்த்தார்கள்.

என் மகள் பிரவீனா மஸ்கட்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம், பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. நான் போவதற்குப் பாஸ்போர்ட் கேட்டு எழுதிப்போட்ட பேப்பர் விசாரணைக்காக உங்கள் ஸ்டேஷனில்தான் கிடக்கிறது. என் மேல் கேஸ் ஆனால் அது நின்றுபோகும் என்பது மனு கொடுத்த மோகன்குமாருக்கும் தெரியும். அதற்காகத்தான் மனு கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. நினைக்கிறேன்.

மேற்படி மோகன்குமார் எங்கள் ரோட்டுக் கடைசியில் புது மாடி வீட்டில் இருக்கிறார். திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். தினமும் காலையில் நாயோடு ஓடுவார். அவரை யாரும் துரத்துவதில்லை, அவரும் எதையும் பிடிக்கப் போவதில்லை. பஸ் ஸ்டாப் வரை ஓடி, பஸ் ஏறாமல் திரும்பி ஓடி வருவார்.

போன மாதம் அவர் ஒரு பையோடு என் கடைக்கு வந்து, நாயைக் கையில் பிடிக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற பெல்ட் என்று நாலு பெல்ட்டை எடுத்துப் போட்டு, எல்லாம் போனில் பார்த்து வரவழைத்தது, இதில் எது தேவலை என்று கேட்டார். முதல் பெல்ட்டின் கிளிப்பை நான் பல்லில் கடித்தேன், உடைந்துவிட்டது. அதன் பிறகு இரண்டாவதைப் பார்த்தேன், முழுக்க ரப்பர், நாய் ஈரோடு போன பிறகுதான் இவர் கிளம்ப வேண்டியிருக்கும். மூன்றாவது ஒரு முழம்தான், ஓடினால் நாய் இவர் காலுக்குள்தான் ஓடும். நாலாவதில் போனுக்கு ஒரு பை, சாவிக்கு ஒரு பை, தண்ணிக்கு ஒரு பை, பிஸ்கட்டுக்கு ஒரு பை இருந்தது, நாயை மாட்டத்தான் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. இத்தனை படித்தவர் இந்த நாலையும் காசு கொடுத்து வாங்கினாரா, யாராவது தலையில் கட்டினார்களா என்று கேட்டேன்.

அதன் பிறகு, அப்படியானால் நீங்களே ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றார். பெல்ட் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தொப்பை மேல் ஏறக்கூடாது, உங்களுக்குத் தொப்பை எங்கே முடிகிறதென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி அளவெடுத்தேன். லோடு பெல்ட்டில் இடுப்புப்பட்டை, ஆறடிக்குக் கயிறு, திடீர் இழுப்புக்கு நடுவில் ஒரு துண்டு டயர் டியூப், கடைசியில் ஒரே இழுப்பில் கழன்றுகொள்கிற கொக்கி, இதுதான் நான் சொன்னது. அவர், “கொக்கி வேண்டாங்க்கா. சாம்மி என்னை உட்டுட்டு எங்கயும் போகமாட்டான்” என்றார். “உட்டுட்டுப் போகமாட்டான் சாமி, உங்களையும் கூட்டிக்கிட்டுப் போவான். அதுக்குத்தான் கொக்கி” என்றேன். “உங்களுக்கு நாயப்பத்தி என்னக்கா தெரியும்” என்று சிரித்தார். அவர் சொன்னபடியே கொக்கி இல்லாமல் தைத்தேன். அது தப்பென்றால் தப்புத்தான்.

நாயின் பெயர் சாம்மி. இங்கிலீசுப் பேராம். சாமி என்று சொல்லக்கூடாது, ‘ம்’ போட்டு அழுத்த வேண்டும் என்று எனக்கு இரண்டு தடவை பாடம் எடுத்தார். நாய்க்கு எடுக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் ரோட்டில் எண்பது வயசுப் பெரியவரும் சாமிதான், நேற்றுப் பிறந்ததும் சாமிதான், நான் யாரையும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, எதிர்ச்சாரியில் லாரி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் வீரனுக்கு டீ வாங்கி வைத்துவிட்டு, “வா சாமி, டீ ஆறிப்போவுது” என்று கூப்பிட்டேன். அப்போது மோகன்குமார் அந்தப் பக்கமாக நாயோடு ஓடி வந்துகொண்டிருந்தார். கை சும்மா இருக்க வேண்டும் என்றுதான் பெல்ட்டே கேட்டார், சும்மா இருந்த கையில் போன் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே நாய் ரோட்டைக் கடந்து என்னைப் பார்த்து வந்தது, அதன் பிறகு அவரும் வந்தார். என் கடைக்குப் பக்கத்தில் பட்டறைக்காரர்கள் பழைய ஆயில் ஊற்றி வைக்கும் குழி இருக்கிறது. நாய் குழியைத் தாண்டியது. மோகன்குமார் தாண்டவில்லை. அதன் பிறகு நாய் வீரனின் டீயைக் குடித்தது. நானும் வீரனும் அவரைத் தூக்கித் துடைத்து, வீரன் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காறை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள். அதற்கு எனக்கு வருத்தம்தான்.

பெல்ட் மட்டமானது என்று மனுவில் சொல்லியிருக்கிறார். அறுந்திருந்தால் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றிருப்பார். அன்றைக்கு அந்த ரோட்டில் ஒழுங்காக வேலை செய்தது அந்தப் பெல்ட் ஒன்றுதான். மேலும், கேலி பேசுகிறவள், வேண்டுமென்றே நாயைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டாள் என்றும் சொல்லியிருக்கிறார். கேலி பேசியது உண்மை. நாயைக் கூப்பிட நான் அதற்கு அத்தையா? நான் கூப்பிட்டது வீரனைத்தான்.

இதுவரை எழுதியதை ஏட்டம்மா படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் பெயரில் ‘சௌ’ எழுத வராததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

ரேகை வைக்கும்போது நடந்ததையும் எழுத வேண்டும் என்று ஏட்டம்மாவே சொன்னதால் சேர்த்துச் சொல்கிறேன். பெல்ட்டைக் காட்டுவதற்காக மோகன்குமார் ஒரு கையைக் கட்டுப்போட்டுக்கொண்டு நாயோடு வந்திருந்தார், நாயை ஏட்டம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூல் காலில் மேற்படி பெல்ட்டாலேயே கட்டிவிட்டு, வாசலில் நின்றார். ஏட்டம்மா பேப்பரையும் மைப்பெட்டியையும் என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, “இங்க வெரல வைங்க சாமி” என்றார். நாய் வந்தது. ஸ்டூலும் வந்தது. ஏட்டம்மா வரவில்லை, இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். மோகன்குமார் இதை ஆறடி தூரத்திலிருந்து பார்த்தார்.

கீழே இருக்கும் இரண்டு ரேகையில் சின்னது என்னுடையது.