நடையைப் பார்த்தே

தில்லி பஸ்ஸில் தமிழ் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. ஆர்.கே.புரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் வீட்டுவேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“எங்க ஊரா இருந்தா மூஞ்சியே வேணாம்க்கா. நடையைப் பார்த்தே ஆளைப் பிடிச்சிருப்பாங்க.”

“இங்க?” என்றாள் மூத்தவள்.

“மேடத்தோட ஸ்கூட்டி காணாமப் போய் ஒரு மாசம். கேமராவுல ஹெல்மெட் போட்ட ஒருத்தன் தள்ளிக்கிட்டுப் போறான். போலீசு அந்த அபார்ட்மென்ட்டுல முந்நூறு வீட்டுக்கும் வீடியோவைக் காட்டிட்டாங்க. ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. கடைசியில வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.”

“உனக்கும் காட்டுனாங்களா?”

“காட்டுனாங்க. இடது காலை லேசா இழுத்து நடக்கிறான். நம்ம எதிர்வீட்டு ராணியோட புருஷன்.”

“அய்யய்யோ. சொன்னியா?”

“மாலும் நஹி, தெரியாதுன்னுட்டேன். சொல்லிட்டு, தண்ணி லாரி வர்றப்ப ராணி மூஞ்சியில எப்படிக்கா முழிக்கிறது? நம்ம சந்துல இருக்கிறதே நாப்பது வீடு.”

மூத்தவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். நான் தமிழே தெரியாதவன்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.