இருபத்தெட்டு டிகிரி

— எனக்கு வேணாம் யெல்லெ. நீயே சாப்பிடு.

— ஹில்கே, பத்திரிகை கட்டுரைய ஏத்துக்கிட்டா எழுதுனவன் கேக் வாங்கணும், மத்தவங்க திங்கணும். லேப் வழக்கம். மழையில சைக்கிள்ல கொண்டுவந்தேன், ஒரு பக்கம் சாஞ்சே போச்சு. ஒரே ஒரு துண்டு.

— அந்த நிரந்தர வேலையும் உனக்குத்தானாமே.

— இன்னும் கையெழுத்துப் போடல. என்ன, பொறாமையா?

— ஆமா.

— அடேங்கப்பா! மறைக்கக்கூட மாட்டேங்குறியே.

— ஒன்பது வருஷம். நோயே அண்டாத செடி என்கிட்டயும் இருந்துச்சு. எந்நேரமும் நோய்க்குக் காவல் காத்துக்கிட்டு, அதுலயே தெம்பெல்லாம் போயி, வளரவே வளராம, என் நகத்தளவு. நீ வந்து பதினெட்டு மாசம். என் விதையில ஒரு மரபணுவ மாத்துன. அதே காவல், ஆறு மடங்கு இலை.

— அதான் கட்டுரையில உனக்கு நன்றி சொல்லியிருக்கேனே.

— கடைசிப் பக்கத்துல. செடிக்குத் தண்ணி ஊத்துனவருக்கு அடுத்து.

— ஐயோ, அது பேர் வரிசைப்படி வந்தது!

— உன் செடிய எந்த அறையில வளத்த?

— நாலுல.

— என் குள்ளச்செடிய?

— மூணுல. நாலுல எடமில்ல. ரெண்டும் இருபத்திரண்டு டிகிரி, ஒரே வெளிச்சம். இப்ப எதுக்கு இது?

— நாலுல இருபத்தெட்டு.

— சும்மா உளறாத. கதவுல இருபத்திரண்டுன்னு காட்டுது. தினமும் பாத்து எழுதியிருக்கேன்.

— கதவு பொய் சொல்லுது. சென்சர் கெட்டுப்போச்சு. உள்ள, தட்டுக்குப் பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன்.

— இருபத்தெட்டா?

— அந்தச் சூட்டுல, நோயத் தடுக்குற காவல் புரதம் தூங்கிடும். அது தூங்குனா என் குள்ளனும் வளருவான். உன் மரபணு ஒண்ணும் பண்ணல.

— இரு, இரு. சோதிக்க நோய்ப் பூஞ்சை தெளிச்சப்போ நோய் வரலையே! காவல் தூங்கியிருந்தா வந்திருக்கணுமே!

— எங்க வச்சுத் தெளிச்ச?

— வெளிய. பெஞ்சுல. ரெண்டு நாள் அங்கயே வச்சிருந்து, அப்புறம்தான் தெளிச்சேன்.

— அங்க இருபத்திரண்டு. ரெண்டு நாள்ல முழிச்சிக்கிச்சு.

— கடவுளே.

— ம்.

— திங்கக்கிழமை வெளிவருது ஹில்கே! நிறுத்தச் சொல்லி இப்பவே எழுதுறேன். வேலை போனாப் போகுது. நல்லவேளை, இன்னிக்காவது பாத்தியே.

— இன்னிக்குப் பாக்கல.

— பின்ன?

— ஏப்ரல்ல.

— ஏப்ரலா? நான் கட்டுரைய அனுப்புனதே ஜூன்ல. அதுக்கு முன்னாடி உன்கிட்டதான படிக்கக் குடுத்தேன்!

— படிச்சேன். ரெண்டு எடத்துல கமா போட்டுக் குடுத்தேன்.