கடைசிக் கால் டேங்க்

— விழுந்து கிடக்கற மரத்து மேல வண்டியை ஏத்திப் பார்க்காதே, கிளைவ். டயர் கிழிஞ்சா அதோட முடிஞ்சுது. பின்னால எடு.

— பின்னால எங்க எடுக்கறது, தாயே? கண்ணாடியில பாரு. வந்த ரோடே தெரியல. அங்கயும் தீதான்.

— அப்ப இடது பக்கம் ஏத்து. காலையில எரிஞ்ச இடம், தரை கருகிக் கிடக்கு பாரு. மறுபடி எரிய அங்க ஒண்ணுமில்ல.

— தரையில இல்ல. மேல யூகலிப்டஸ் இலை எரியாம இன்னும் பச்சையாத்தான் இருக்கு, நோரீன்.

— இதைவிட நல்ல இடம் பாக்கெட்டுல வச்சிருந்தா எடு. இல்லேன்னா சொன்னதைச் செய். வண்டி மூஞ்சியைக் காத்து வர்ற பக்கம் திருப்பி நிறுத்து. எஞ்சினை அணைக்காதே.

— நிறுத்திட்டேன்.

— கன்ட்ரோல், கன்ட்ரோல், வாரிங்கா ஊர்த் தீயணைப்பு ரெண்டாம் டேங்கர். பைன் தோட்டத்து ரோட்டுல மாட்டிக்கிட்டோம். நோரீன், கிளைவ், ரெண்டே பேர். காத்து திரும்பிடுச்சு. முன்னால மரம் விழுந்து கிடக்கு, பின்னால தீ. எங்களைத் தேடி யாரையும் உள்ள அனுப்பாதீங்க.

— பதிலே வரலையே.

— கேட்டிருப்பாங்க. ஜன்னல் திரையை இறக்கு. கம்பளி ரெண்டும் சீட்டுக்குப் பின்னால இருக்கு.

— மணி நாலுதான் ஆகுது, இப்படி இருட்டுது. தபாலாபீஸ்ல முத்திரை குத்தறவளும் ஆடு வளர்க்கறவனும் ஒரு காசு வாங்காம வந்து சாகறோம் பாரு. இதுக்கு ஒரு தொப்பி வேற.

— சாகறதைப் பத்திப் பேசாதே. தண்ணி எவ்வளவு இருக்கு?

— மீட்டர் முள்ளு பாதியில நிக்குது.

— அது கிறிஸ்துமஸ்லேருந்து பாதியிலதான் நிக்குது. சந்தையில சாசேஜ் சுட்டு வித்து ரிப்பேர் பண்ணலாம்னு நீதானே சொன்னே. நான் முள்ளைக் கேக்கல, டேங்கைக் கேக்கறேன். நாற்சந்தியில நான் காரைத் திருப்பி விட்டுக்கிட்டு நின்னப்ப உன்னைக் குட்டைக்கு அனுப்பினேனே, ரொப்பினியா இல்லையா?

— ரொப்பினேன்.

— அப்ப சரி. கால் டேங்க் இருந்தாலே அஞ்சு நிமிஷம் வண்டியைச் சுத்தித் தண்ணி விசிறும். அது போதும். தீ கிட்ட வரட்டும், சுவிட்சைப் போட்டுக்கலாம்.

— நோரீன்.

— என்ன?

— ஆர்ச்சி எங்க?

— என்ன புதுசா என் வீட்டுக்காரர் மேல அக்கறை? எட்டு வருஷமா அவர் பேரே உன் வாயில வந்ததில்ல. ஊரோட ஊரா பத்திரமா ஃபுட்பால் மைதானத்துல இருக்கார். காலையிலயே போயிடறேன்னு சத்தியம் பண்ணினதாலதான் நானே வண்டியில ஏறினேன். இந்நேரம் பிக்கப்புல இருக்கற தீயணைப்பு ரேடியோவைப் போட்டுக்கிட்டு, நாம பண்ற தப்பையெல்லாம் ஊருக்கு விளக்கிக்கிட்டிருப்பார்.

— சரி.

— உன் நாயைச் சுட்டதுக்கு அவர் எரிஞ்சு சாகணும்னு பார்ல நின்னு சாபம் விட்டவன்தானே நீ. இன்னைக்கு அது நடக்கல, போ.

— என் நாய் அவன் ஆட்டைத் தொடவே இல்ல.

— அந்தச் சத்தம் கேக்குதா?

— கேக்குது. லாரி லாரியா ஜல்லி கொட்டற மாதிரி.

— சுவிட்சைப் போடு.

— போட்டுட்டேன்.

— ஒரு சொட்டு வரல. பம்பு ஓடுது, காத்துதான் சீறுது. கிளைவ், தண்ணி எங்க?

— இல்ல.

— இல்லன்னா?

— டேங்க் காலி. ரொப்பினேன், அது நிஜம். வர்ற வழியில ஒரு வீடு, கூரையில பொறி பிடிச்சிருந்துச்சு. ஒரு ஆள் ஈரச் சாக்கை வச்சு அடிச்சுக்கிட்டு நின்னான். வாடான்னா வரமாட்டேங்கறான். ஊத்தினேன். ஊத்தினேன், அணையல, இன்னும் ஊத்தினேன்.

— கடைசிக் கால் டேங்க் தண்ணி வண்டியில இருக்கறவங்களுக்கு. சொந்த வீடே எரிஞ்சாலும் அதைத் தொடக் கூடாது. முதல் நாள் உனக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்தாங்க?

— தெரியும்.

— தெரிஞ்சே என்னை இதுக்குள்ள கூட்டிட்டு வந்தியா?

— நீ ரேடியோல வா வான்னு கூப்பிட்டே. ஏறினதும் பள்ளிக்கூடத்துக்கு விடுன்னே. அங்க தொட்டி இருக்கு, அஞ்சு நிமிஷத்துல போய் ரொப்பிக்கலாம்னு நினைச்சேன். உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு, நோரீன். இப்பவும் பயமா இருக்கு.

— யார் வீடு அது?

— கீழ படு.

— யார் வீடுன்னு கேக்கறேன்.

— வெளியே போனப்புறம் சொல்றேன். கம்பளியை இழுத்து மூடு. காலையும் உள்ள இழு.

— கண்ணாடி வெடிக்குது.

— அது லைட்டு. முன்கண்ணாடி தாங்கும். மூக்கைத் தரையில ஒட்டி வச்சு மூச்சு விடு.

— எனக்குப் பயமா இருக்கு, கிளைவ்.

— கையைக் கொடு.

— பேசிக்கிட்டே இரு. எதையாவது பேசு. உன் நாய் பேரென்ன?

— பிஸ்கட்.

— பிஸ்கட் எப்படி இருக்கும்?

— ஒரு காது நிக்கும், ஒரு காது மடிஞ்சிருக்கும். இடி இடிச்சா என் பூட்ஸுக்குள்ள மூஞ்சியை விட்டுக்கும். நோரீன், பூட்ஸு உருகுது.

— கழட்டாதே. அப்புறம் என்ன பண்ணும்?

— அப்புறம் தூங்கிடும்.

— கிளைவ். தூங்காதே. கிளைவ்.

— ம். இருக்கேன்.

— சத்தம் தள்ளிப் போகுது.

— கம்பளியை எடுக்காதே. நூறு எண்ணு.

— எண்ணிட்டேன்.

— பொய். முப்பது கூட ஆகல.

— எஞ்சின் ஓடுதா?

— அது நின்னுடுச்சு. நாமதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கோம்.

— சிரிக்காதே. இங்கேருந்து நடந்தே போய் நான் எழுதற ரிப்போர்ட்ல முதல் வரியே உன் பேருதான். இந்த ஊர்ல இனிமே எந்த டேங்கர் ஸ்டீயரிங்கையும் நீ தொட முடியாது.

— எழுது. ரேடியோ கரகரங்குது பாரு.

— ரெண்டாம் டேங்கர், நோரீன், நான் ஆர்ச்சி. திட்டாதே, நான் மைதானத்துக்குப் போகல, நம்ம வீட்டு வாசல்லதான் நிக்கறேன், கூரை அப்படியே இருக்கு. கிளைவ் உன்கூட இருக்கானா? டேங்க் மொத்தத்தையும் என் தலை மேல ஊத்திட்டுப் போயிட்டான், உங்களுக்கு மிச்சம் வச்சியாடான்னு கேக்கக்கூட எனக்குத் தோணல.