மூடிய யன்னலின் நீலம்

மதிப்புக்குரிய தலைவர் அன்புராசா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை யேசுரட்ணம் அடிகளாரே, இந்த ஏப்ரல் மழையிலும் ரெக்ஸ்டேலில் இருந்தும் மார்க்கம் நகரில் இருந்தும் வந்து நனைந்த கோட்டோடு அமர்ந்திருக்கும் என் உறவுகளே, முன்வரிசையில் இடம் வைத்திருந்தும் பின்வரிசையில் போய் இருந்துகொண்ட, அருள் அண்ணையின் துணைவியார் மக்டலீன் அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இந்த மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தால் அருள் அண்ணை தொண்டையைச் செருமுவார். "நவரட்ணம், சுருக்கமா" என்று அதற்கு அர்த்தம். இன்று செருமுவதற்கு அவர் இல்லை. மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறார். இனி என்னை யார் நிறுத்துவது? நான் எவ்வளவு நேரமும் பேசலாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய துக்கம் என்று உங்களுக்குத் தெரியுமா?

'ஆலயக்கலை வல்லுநர்' அருள்நாயகம்! அந்தப் பட்டத்தை எங்கள் கலைவட்டம் கொடுத்தபோது, "உதெல்லாம் ஏன், ஒரு தேத்தண்ணி தந்தால் காணும்" என்றார். இளமையில் பிரான்சில் படித்தவர். இங்கே ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறியவர். ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு ஐரோப்பாவின் பழைய பேராலயங்களைக் காட்டியவர்.

முதல் பேச்சை ஒழுங்கு செய்தபோது எதிர்த்தது யார்? நான்தான். கோயில் நிர்வாகத்தில் இருக்கிற மனுசன் நான். "எங்கடை கோயில்கள் காணாதோ, வெள்ளைக்காரன்ரை கோயில் ஏன்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"எங்கடை கோயில் ஆளை இருட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்ச் சாமியைக் காட்டும். உது வெளிச்சத்துக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். ரெண்டையும் பார்த்தால் நீ என்ன தேய்ஞ்சு போவியோ?"

அதன் பிறகு அவருடைய ஒரு பேச்சையும் நான் தவறவிடவில்லை.

அவர் பாடம் நடத்திய விதத்தை மறக்க முடியுமா! தலைவர் அன்புராசாவையும் என்னையும் இந்த மேடையில் எதிரெதிராக நிறுத்தினார். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாயச் சொன்னார். "இதுதான் கூர்வளைவு" என்றார். தலைவரின் உடம்பு உங்களுக்குத் தெரியும். என் கால் பின்னுக்கு வழுக்கத் தொடங்கியது. சபை சிரித்தது. உடனே இரண்டு பேரைக் கூப்பிட்டு, எங்கள் முதுகில் கை வைத்துத் தாங்கச் சொன்னார். நாங்கள் அசையாமல் நின்றோம்.

"கல்லுக் கூரையின்ரை பாரம் சுவரை வெளியாலை தள்ளும். வெளியிலை நிண்டு வேறை வளைவுகள் தாங்கிறபடியால்தான் சுவர் நிக்குது. பாரம் வெளியிலை போனால், சுவரை வெட்டிக் கண்ணாடி போடலாம். உள்ளுக்கை நிண்டு கும்பிடுகிறவனுக்குத் தாங்கிறவை தெரியாயினம். வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். எழுத்தறியாத சனம் வேதாகமத்தை நிறக்கண்ணாடியில் பார்த்து அறிந்ததையும், மேலே இருந்து பார்த்தால் பேராலயம் கிடத்திய சிலுவைபோல இருப்பதையும் சொன்னார். உயிர்த்தெழுதல் விடியலைப்போல வரும் என்று நம்பியதால் பலிபீடத்தைக் கிழக்கே வைத்தார்கள் என்றார். சார்த்ர் என்ற ஊரின் பேராலயத்து நீலத்தைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும். கடவுளைக் கல்லில் செதுக்கலாம், ஆனால் அவர் வருவதைக் காட்ட வெளிச்சத்தால் மட்டுமே முடியும் என்பார்.

உறவுகளே, இப்போது சொல்லப்போவதைச் சொல்ல மக்டலீன் அக்கா அனுமதி தந்திருக்கிறா. கடைசி இரண்டு வருடமும் அருள் அண்ணைக்குக் கண் தெரியாது. நீரிழிவு பார்வையை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. படங்களைத் திரையில் மாற்றும்போது அக்கா ஒரு சொல் சொல்லுவாவே, "வாசல்", "வட்ட யன்னல்" என்று! எங்களுக்காகச் சொல்லுகிறா என்று நினைத்தோம். அது அவருக்கு. "குருடன் கண்ணாடியைப் பற்றிப் பேசுறதோ எண்டு சனம் விட்டிட்டுப் போயிடும்" என்று அவர் பயந்தாராம். பேச்சு நின்றால் தானும் நின்றுவிடுவார் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் இருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நகரத்தில் உள்ள ஒரு பழைய தேவாலயத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார். பிரான்சின் பேராலயங்களைப் பார்த்து அதே மாதிரி கட்டியது. நாங்கள் என்ன செய்தோம்? கோயில் வாசல் என்றதும் எல்லோரும் பனிச் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தோம். பக்கத்தில் வீடற்றவர்களுக்குச் சப்பாத்துச் சேர்க்கும் பெட்டி இருந்ததைக் கவனிக்கவில்லை. அங்கே வேலை செய்த மனிதர், எவ்வளவு தாராளமான சனம் என்று மகிழ்ந்து, அவ்வளவையும் அள்ளி வான் வண்டியில் ஏற்றிவிட்டார்!

அருள் அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முந்தி யாத்திரை வந்த சனமும் வெறுங்காலோடைதான் வந்தது. வாங்கோ" என்றார். அக்கா சப்பாத்துகளை மீட்க ஓடினா. ஓடுமுன் அவருடைய கையை என் கையில் வைத்து, "படி இருக்கு, கவனம்" என்றா.

உள்ளே போனோம். பலிபீடத்துக்கு முன்னால் நிற்கிறோமா என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன். அவர் கையை உயர்த்தினார்.

"பாருங்கோ. வெயில் ஏறுற நேரம். அந்த நீலம் இப்ப நிலத்திலை விழுகுது. கண்ணை மூடிக்கொண்டு வந்தவனையும் அது தொடும்."

நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். திருத்த வேலைக்காகப் பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த பெரிய யன்னல் முழுவதையும் வெளியே பலகை அடித்து மூடியிருந்தார்கள். நிலத்தில் ஒரு நீலமும் இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. யார் சொல்வது? எப்படிச் சொல்வது? அஜின்கோர்ட்டில் கடை வைத்திருக்கும் ரதி அக்கா, நெற்றியில் விபூதியோடு முன்னுக்கு வந்து, வெறும் காற்றில் கையை நீட்டினா.

"ஓம் அண்ணை. என்ரை கையிலையும் விழுகுது."

பிறகு ஒவ்வொருவராக, "ஓம், விழுகுது" என்றார்கள். வாயை மூடத் தெரியாத எனக்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை. அவருடைய கையைப் பிடித்தபடி நின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு அழகாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. சப்பாத்துகளோடு வந்த அக்கா பலகையைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா, சப்பாத்துகளைப் பங்கிட்டுத் தந்தா.

அவரை ஏமாற்றிவிட்டோம் என்றே நான் நினைத்திருந்தேன். செத்த வீட்டில்தான் அக்கா மிச்சத்தைச் சொன்னா. அன்று காரில் வீடு திரும்பும்போது அவர் கேட்டாராம்: "யன்னல் மூடித்தானே கிடந்தது? முகத்திலை வெயில் படேல்லை."

"தெரிஞ்சும் ஏன் நிப்பாட்டேல்லை?" என்று அக்கா அழுதிருக்கிறா.

"எப்பிடி நிப்பாட்டுறது? நான் விழாமல் எல்லாரும் முதுகிலை கை வைச்சுக்கொண்டு நிண்டவை."

அருள் அண்ணை, எங்களை நீங்கள்தான் தாங்கினீர்கள் என்று நினைத்திருந்தோமே!

உறவுகளே, அவர் தொடங்கிய பேச்சுகள் நிற்காது. அடுத்த மாதமும் திரை விரியும். மக்டலீன் அக்கா தனக்குப் பேசத் தெரியாது என்கிறா. அக்கா, நீங்கள் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நாங்கள் ஆளுக்கு ஆள் பேசுகிறோம். இலையுதிர் காலத்தில் பலகைகளைக் கழற்றுவார்களாம். அன்று காலை எல்லோரும் போவோம். சப்பாத்துகளை இந்த முறை பையில் போட்டுக் கையோடு கொண்டுபோவோம். பலிபீடத்துக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று, அன்று எனக்கு வராத அந்தச் சொல்லை நான் முதலில் சொல்லுவேன், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்:

"ஓம் அண்ணை, விழுகுது."

அன்றைக்கு அது பொய்யாக இருக்காது.