பாதத்துல ஒரு சுண்டு

மூச்சை விடுங்க தம்பி. பாப்பாவைச் சொல்லல, உங்களைத்தான் சொல்றேன். அவ நல்லாத்தான் விட்டுட்டிருக்கா. நீங்கதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சேத்து ஒரே நேரத்துல என்னால வைத்தியம் பாக்க முடியாது. ம், அப்படித்தான். தோளைத் தளர்த்துங்க. நெஞ்சுல சாய்ச்சு வெச்சிருக்கறது உங்க பொண்ணு, கண்ணாடி லோடு இல்ல.

அவ்வளவு பெரிய லாரியை ரிவர்ஸ்லயே சந்துக்குள்ள கொண்டுபோய் நிறுத்துவீங்களாமே? உங்க வீட்டம்மா சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணின வலி, காய்ச்சல் வேற, மாடி வார்டுல படுத்துக்கிட்டும் புருஷன் பெருமைதான். இங்க வந்து பாத்தா, ஒண்ணரைக் கிலோகூட இல்லாத பொடிசுக்கு ஆளு இப்படி வேர்த்துக் கொட்டறாரு. சிரிங்க, பரவால்ல. நீங்க சிரிச்சா அவளும் நெஞ்சு மேல ஆடறா பாருங்க. அம்மாவுக்குக் காய்ச்சல் விடற வரைக்கும் மகாராணிக்கு இந்த மெத்தைதான், இந்தச் சூடுதான்.

கழுத்து மடங்காம பாத்துக்கோங்க. மோவாய் கொஞ்சம் மேல. இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்கோங்க. ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்துட்டா, அவசரக்காரி. மூச்சு விடறது அவளுக்கு இன்னும் பழக்கத்துக்கு வரல. விட்டுட்டே இருப்பா, திடீர்னு மறந்துருவா. முகம் வெளிறும், உதடு நீலமாகும். அப்ப என்ன பண்ணணும்? பாதத்துல ஒரு சுண்டு. கோலி சுண்டற மாதிரி இல்ல, சட்டையில ஏறின எறும்பைத் தட்டி விடுவீங்கல்ல, அந்த மாதிரி. ஏய், மூச்சு விடுடின்னு ஞாபகப்படுத்தறோம், அவ்வளவுதான்.

மூச்சு நின்னா மெஷின் கத்துமே, அதுவா? கத்தும், நல்லாவே கத்தும். இவளுக்கும் விடியற வரைக்கும் மாட்டியிருந்துச்சு. காலைல இவளைவிடச் சின்னவர் ஒருத்தர் வந்து சேர்ந்தாரு. இருக்கறது போதல, அதான் கழட்டி அவருக்கு மாட்டிட்டோம். அதனால இப்ப மெஷின் நீங்கதான். நீங்க கத்த வேணாம், மெதுவாக் கூப்பிட்டாப் போதும்.

உக்காரவா? ஐயோ வேணாம், நின்னாத்தான் எனக்கு நல்லது. சுவத்துல சாயக்கூட மாட்டேன். ஆமா, என்ன லோடு ஏத்தறீங்க? சிமெண்டா. அட, அப்பவே சொன்னீங்கல்ல, நான்தான் திரும்பக் கேக்கறேன்.

இருங்க, வக்கீல் கூப்பிடறாரு. அதோ, மூலைத் தொட்டில்ல. எதுக்கெடுத்தாலும் வாதாடுவான், அதான் அந்தப் பேரு. பக்கத்துல இருக்கறவரு மேனேஜரு. எப்பப் பாத்தாலும் தூக்கம், எடை மட்டும் டாண்ணு ஏறிடும்... வந்துட்டேன். ஈரம் பண்ணிட்டு அதுக்கும் என்கிட்டயே கேஸ் போடறான்.

இங்க இருக்கற எட்டுக் குழந்தைங்களுக்கும் நர்ஸ்னு நான் ஒருத்திதான். முன்னாடி ஒரு ஷிஃப்டுக்கு நாலு பேரு இருந்தோம். ஒருத்தி வெளிநாடு போயிட்டா. ஒருத்திக்கு முதுகு போச்சு. ஒருத்தி போன் கடையில வேலைக்குச் சேர்ந்துட்டா. அங்க உக்கார நாற்காலி போடறாங்களாம், பாத்ரூம் போகணும்னா போகலாமாம்! கேக்கவே எப்படி இருக்கு பாருங்க. மேட்ரன்கிட்ட ஆள் கேட்டா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னு சொல்வாங்க. இந்த ஆஸ்பத்திரியில ஸ்டாக் தீராத மருந்து அது ஒண்ணுதான்.

நானா? போயிடணும்னு தினமும்தான் நினைக்கறேன். அலுத்துப் போச்சு தம்பி, பொய் சொல்ல மாட்டேன். கதவு வரைக்கும் போவேன், வக்கீல் கத்துவான். திரும்பிருவேன். அவன் ஃபீஸ் வாங்காத வக்கீல்.

வீட்டுல கதையே வேற. எங்க வீட்டுக்காரரு குறட்டை விடுவாரு. விட்டுட்டே இருந்து, நடுவுல ஒரு நொடி சத்தம் நிக்கும். நின்னதும் நான் தூக்கத்துலயே எந்திரிச்சு அவரு பாதத்துல சுண்டிருவேனாம். மனுஷன் அலறி எந்திரிப்பாரு. இப்பல்லாம் சாக்ஸ் போட்டுட்டுத்தான் படுக்கறாரு. சத்தியமா!

ஆனா என் பொண்ணு ஒண்ணு கேட்டா. ஏம்மா, வீட்டுக்கு வந்தா நீ பேசவே மாட்டேங்கறியேன்னு. சோத்தைப் போட்டு வெச்சுட்டு என் முகத்தையே பாத்துட்டிருந்தா. வலிச்சுது. இங்க என்னடான்னா இந்தப் பேச்சுப் பேசறேன், இல்ல? அவ வந்து பாத்தா நம்பவே மாட்டா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், சிமெண்ட். இத்தனை தூரம் ஓட்டறீங்களே, கண்ணு சொருகினா என்ன பண்ணுவீங்க? கிளீனர் பேச்சுக் குடுத்துட்டே வருவாரா. நல்ல ஏற்பாடுதான். அவரும் தூங்கிட்டா? ஓரங்கட்டிருவீங்க. ஓரங்கட்டறது... அடடா, கேக்கவே சுகமா இருக்கு.

தம்பி, பேச்சை நிறுத்துங்க. பாப்பாவைப் பாருங்க.

எந்திரிக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன், என் கை அவ முதுகுலதான் இருக்கு. மறந்துட்டா, அவ்வளவுதான். நீங்க சுண்டுங்க. நீங்கதான். பாதத்துல. அது எறும்புக்கே போதாது, இன்னும் கொஞ்சம்... இன்னொண்ணு... ம். வந்துருச்சு. பாருங்க, உதடு சிவக்குது பாருங்க. மூஞ்சியைச் சுளிக்கறா, யாருடா என்னை எழுப்பினதுன்னு. அப்பாதான்டி எழுப்பினாரு, கேளு அவரை.

அழுங்க, அழுங்க. கண்ணீர் மட்டும் அவ தலையில சொட்டாம பாத்துக்கோங்க, தொப்பி நனைஞ்சா குளிரும். இந்தாங்க, துடைச்சுக்கோங்க. இன்னிக்கு அந்தி சாயறதுக்குள்ள இவளுக்கு எங்கயாவது ஒரு மெஷின் பிடுங்கிட்டு வந்துருவேன், மேட்ரன் தலைகீழா நின்னாலும் சரி. டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டிடறேன். நல்லாப் பண்ணினீங்க தம்பி. நிஜமாத்தான் சொல்றேன்.

தேறிட்டீங்க, அதனால ஒண்ணு சொல்றேன். பயந்துராதீங்க. நேத்துச் சாயங்காலமே என்னை மாத்தி விட வேண்டிய பொண்ணு இன்னும் வரல. போன் பண்ணினேன், எடுக்கல. கோபமா? எனக்கென்ன கோபம்? போன வாரம் அவ இப்படித்தான் ரெண்டு ஷிஃப்ட் சேத்து நின்னா. நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். மேட்ரன் ஆள் தேடிட்டிருக்காங்களாம், அதுவரைக்கும் அட்ஜஸ்ட். நான் எப்ப வந்தேனா? நேத்துக் காலைல.

வாயை மூடினா கண்ணும் சேந்து மூடிக்குது. அதான் இத்தனை பேச்சும். உங்க கிளீனர் வேலையை எனக்கு நானே பாத்துட்டிருக்கேன். எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு நான் எங்க தம்பி ஓரங்கட்டறது?

தொண்டை போச்சு. இனி நீங்க பேசுங்க. ஸ்டூலை உங்க பக்கத்துல போட்டுக்கறேன், வரிசை பூராவும் இங்கிருந்து தெரியும். ஒரு கண்ணு பொண்ணு மேல வைங்க, ஒரு கண்ணு என் மேல. நான் உம் கொட்டிட்டிருந்தா முழிச்சிருக்கேன்னு அர்த்தம். உம் நின்னுச்சுன்னா கூச்சப்படாதீங்க, நான் உங்க அக்கா மாதிரிதான். எனக்கும் பாதத்துல ஒரு சுண்டு. செருப்பைக் கழட்டிட்டேன்.

ம், சொல்லுங்க. சிமெண்ட் ஏத்திக்கிட்டுக் கிளம்பினீங்க. ம்... ம்...